காகிதம் வராத சரக்கு

லாரி வந்து வெகுநேரமாகியும் ஜைனம்பு கடையைத் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, திருடனிடம் பேசுவதுபோல ஜன்னல் வழியாகவே பேசினாள்.

"இந்தச் சரக்கு எனக்கு வேணாம் சார். எட்த்துனு போயிடுங்க."

தெய்வசிகாமணிக்கு எரிச்சலாக வந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கெடுத்துத் தரும் கம்பெனியின் குமாஸ்தா அவன். மெட்ராஸிலிருந்து பழவேற்காடு வரை புழுதியில் குளித்து வந்தவனுக்கு நல்ல வரவேற்புதான்!

"உங்க வூட்டுக்காரரு சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பின வலை நூலும்மா. உங்க பேருக்குத்தான் வந்திருக்கு. கையெழுத்து போட்டு எறக்கிக்குங்க."

"கப்பல் கம்பெனி குடுக்குற ஒரிஜினல் காகிதம் எங்க? அது இல்லாம சரக்கு தரமாட்டோம்னு நீங்கதானே சட்டம் பேசுவீங்க?"

"அது போன வருசம். இப்போ அங்க கம்ப்யூட்டர் வெச்சுட்டாங்க. சரக்கக் குடுத்துடலாம்னு அவங்க தட்டினா எங்க ஆபீஸ்ல வந்து விழுது. தபால நம்பாம பாய் அந்தக் காகிதத்தப் பொத்திப் பொத்தி வெச்சிருப்பாரு. இனிமே அந்தத் தொல்லை இல்ல."

கோட்டைக்குப்பத்து முனியன் ஓடி வந்தான். வலை கிழிந்து அவன் படகு கரையில் கிடந்தது.

"யக்கா, நூல் வந்தும் இன்னா இப்டி பண்ற? எங்க பொழப்பு இன்னாவறது?"

ஜைனம்பு அவனைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"காகிதம் இருந்தாத்தான் தருவோம்னு அவருக்கு எழுதிப் போடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாயோடு ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்று நினைத்தான் தெய்வசிகாமணி. ஊரான் வீட்டு வம்பு நமக்கெதற்கு?

"வாங்கலன்னா சரக்கு திரும்பிப் போயிடும்மா. பாயோட மொதல் மொத்தமும் போயிடும்."

முனியனும் விடாமல் கெஞ்சினான். கடைசியில் கதவு திறந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசம் உள்ளேயிருந்து வந்தது. அவள் எங்கோ பார்த்தபடி கையெழுத்துப் போட்டாள்.

மூட்டைகள் இறங்கின. முனியன் ஒரு கட்டு நூலை வாங்கிக்கொண்டு படகை நோக்கி ஓடினான்.

"அவ்ளோதாம்மா, எவ்ளோ சுளுவு பாத்தீங்களா? இதுக்குப் போயா பயந்தீங்க?" என்றான் தெய்வசிகாமணி.

ஜைனம்பு முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காகிதத்தக் கொண்டாந்து குடுக்கத்தான் சார், வருசத்துக்கு ஒருவாட்டி அவரு ஊருக்கே வருவாரு."