பெயருக்குப் பூட்டு

ஒலிபரப்புக் கோபுரம் ஏறி இறங்கியதில் மெக்கானிக்குக்குத் தோள்வலி உயிரைப் பிடுங்கியது.

“பாட்டை எல்லாரும் கேக்கட்டும். ரேடியோத் திரையில பாடினவங்க பேரு மட்டும் காசு கட்டி சாவி எண் வாங்கினவனுக்குத்தான் தெரியணும். அதுக்கு ஒரு பூட்டு போடு,” என்றார் மேலாளர்.

“வாங்காதவனுக்கு?”

“எலிமருந்து விளம்பரம் ஓடட்டும்யா.”

மெக்கானிக்குக்கு மனசே இல்லை. ஆனாலும் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ரேடியோவைச் சூழ்ந்திருந்தார்கள். பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது.

“குரல் கணீர்னு இருக்கு. பாடினது எலிமருந்தாம்டி!” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“சத்தியமா நான்தான்க்கா பாடினேன்!” என்றாள் அவன் மனைவி, அழாக்குறையாக. “பேரு வரும்னு சொன்னீங்களே, நீங்களாவது சொல்லுங்க!”

அவன் தலையாட்டினான்.

“கட்டினவன் ஆட்டாம வேற யாரு ஆட்டுவா?” என்றாள் இன்னொருத்தி.

பூட்டுப் போட்ட தன் கைகளைப் பார்க்கவே அவனுக்கு அருவருத்தது. அவளுக்கு அவன் பட்ட கடன் அப்படியே நின்றது: திரையில் அவள் பெயர்.