தாம்புக்கயிறு கனத்தில் ஒரு கோடு

திரையில் வசந்தகுமாரின் வட்டத்திலிருந்து ரஞ்சனியின் வட்டத்துக்குத் தாம்புக்கயிறு கனத்தில் ஒரு கோடு ஓடியது. மற்றவர்களுக்கு நடுவே ஓடியதெல்லாம் வெறும் நூல்.

"ஆன்லைன் குரூப் டிஸ்கஷன்ல யார் யார்கூட எவ்ளோ பேசினீங்கன்னு கம்ப்யூட்டர் போட்ட படம் இது" என்றார் பயிற்சியாளர் மெர்சி. "இந்த ஜோடிதான் டாப்! ரெண்டு பேரையும் ஒரே லைனுக்கு லீடரா போடப் போறாங்க."

ஒரகடம் தொழிற்சாலையின் பயிற்சி அறையே கைதட்டியது. குடும்பத்தார் வரிசையில் இருந்த வசந்தகுமாரின் மனைவி அம்சவல்லிக்கு வயிறு எரிந்தது. ஜோடியாமே, ஜோடி!

முன்வரிசையில் ரஞ்சனியின் புருஷன் ரகுபதியும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பாவம் அந்த மனுஷன் என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த வசந்தகுமார் திருதிருவென்று விழித்தான். "என்னை ஏன்டி மொறைக்கிற? நான் ஒரு வரிகூட எழுதல. எல்லாம் நீ எழுதினதுதானே?"

உண்மைதான். கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அதை வீட்டிலேயே போட்டுவிட்டுத்தான் அவன் செகண்ட் ஷிப்டுக்குப் போவான். அந்த நேரத்தில் அவன் பெயரில் குரூப்பில் பதில் போடுவது அம்சவல்லி.

"நான் வெல்டிங்கப் பத்தி எழுதினா, அவ உடனே 'சாப்டீங்களா?'ன்னு கேக்குறா! உன்கூட ஒரே ஷிப்டு, ஒரே பஸ்ஸு. அது பத்தலையாமா அவளுக்கு?"

"அதுக்கு நீ இன்னா போட்ட?"

"எவ்ளோ தூரம் போறான்னு பாக்கலாம்னு நானும் தேன் தடவிப் போட்டேன். 'நீங்க இல்லாம குரூப்பே டல்லடிக்குது'ன்னேன். பட்டுனு ரெண்டு ரோஜாப்பூ அனுப்புறா! வுடு, இன்னிக்கு அவள உண்டு இல்லன்னு பண்ணிட்றேன்."

அவன் கையை உதறிவிட்டு டீ மேஜைக்குப் போய் நின்றாள். ரஞ்சனி சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு அடுத்தவ புருசன் கேக்குதா? ரோஜாப்பூ அனுப்புறியா?"

ரஞ்சனி சமோசாவைத் தட்டில் வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ அக்கா! செகண்ட் ஷிப்டுல எனக்கு மட்டும் ஏது போனு? அண்ணன் வழியறாரான்னு வேவு பாக்க, அந்தப் பூவெல்லாம் அனுப்பினது எங்க வூட்டுக்காரரு!"