லைனை விடுங்கம்மா

சைபீரியக் கரடி முதல்முறையாக வாயைத் திறந்து பேசியபோது, நான் ஃபோனில் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை. துணி துவைக்கிற நாள். டவுனில் இருக்கும் என் தங்கை லர்லீனிடம் சனிக்கிழமை டெலிவிஷன் மல்யுத்தத்தில் கரடி செய்த அக்கிரமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ட்ரவுசருக்குள் ஒளித்து வைத்திருந்த எதையோ எடுத்து நம் ஊர்ப் பையன் தொண்டையில் குத்தினான். நடுவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அவர் எப்போதுமே அந்தப் பக்கம்தான் திரும்பியிருப்பார்.

“இரு அக்கா, அடுப்புல துணிக்கஞ்சி பொங்குது” என்று லர்லீன் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினாள். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மில் ரோட்டில் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே லைன். ஒருத்தர் பேசி முடித்து வைத்தால்தான் அடுத்தவர் யாரையும் கூப்பிட முடியும். நடுவில் எடுத்தால் பேசுவது கேட்கும். நான் எடுப்பேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கடைசி வீடு கரடியுடையது; மல்யுத்த மேடையில் அவனுக்கு அதுதான் பேர். மொட்டைத் தலை, தொங்கு மீசை. இரண்டு வருடமாகக் குடியிருக்கிறான். ரஷ்யாக்காரன், நம் பாஷையில் ஒரு சொல் தெரியாது, உறுமத்தான் தெரியும் என்று டெலிவிஷனில் சொன்னார்கள். அவனும் தெருவில் யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை.

மளிகைக்கடையில் வேண்டியதை விரலால் காட்டுவான். கடைக்கார ஹோபர்ட், அவனுக்குப் புரியட்டும் என்று விலையைச் செவிடனிடம் சொல்வதுபோலக் கத்திச் சொல்வார். ஈரலை வாங்கிப் போய்ப் பச்சையாகத் தின்கிறான் என்று ஒரு பேச்சு. அதைக் கிளப்பியது யார் என்பது இப்போது வேண்டாம்.

அவன் மனைவி நெட்டா நம் பக்கத்துப் பெண். வயிற்றில் எட்டு மாசம். அவன் தூக்கிக்கொண்டு வந்தானா, இவளே ஏமாந்து வந்தாளா என்பதை ரோட்டில் நாங்கள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

லைனில் ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு ஒரு மூச்சு. கனமான ஆம்பிளை மூச்சு.

“அம்மா, லைனை விடுங்கம்மா. டாக்டரைக் கூப்பிடணும்.”

நாலு வீட்டில் இரண்டில் ஆண்களே கிடையாது. என் புருஷன் மில்லுக்குப் போயிருந்தார். மிச்சம் ஒரே ஒரு ஆம்பிளைதான்.

ரஷ்யாவாவது ஒன்றாவது. டென்னஸி மலையடிவாரத்துப் பேச்சு. என் அம்மா பிறந்த பக்கம். இழுத்து இழுத்துப் பேசி, கடைசி எழுத்தை விழுங்குவார்களே, அதேதான்.

இது வெளியே தெரிந்தால் அவன் கதை அதோடு சரி. சைபீரியக் கரடியைத் திட்டத்தான் அந்தக் கூட்டம் டிக்கெட் வாங்குகிறது. மலைக்காரப் பையன் ஒருவனைத் திட்டுவதற்கு யார் வருவார்கள்? இந்த மாநிலத்தில் மட்டுமில்லை, எங்கேயும் அவனுக்குப் பிழைப்பு இருக்காது.

நான் உடனே ஃபோனை வைத்துவிட்டேன்.

பிறகு சத்தமில்லாமல் மறுபடி எடுத்தேன். எடுப்பேன் என்றுதான் சொன்னேனே.

டாக்டர் வீட்டு நர்ஸ் பேசிக்கொண்டிருந்தாள். “அடடா தம்பி, டாக்டர் இப்பத்தான் கிளம்பினாரு. ரெண்டு நிமிஷம் முந்தி கூப்பிட்டிருந்தா வாசல்லயே பிடிச்சிருக்கலாம். ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பண்ணைக்குப் போறாரு. அங்க ஃபோன் கூடக் கிடையாதே.”

டாக்டர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஒரு மணி.

ரஷ்யாக்காரனுக்காக அக்கம்பக்கத்து ஆள் யாரோ கூப்பிட்டான் என்றுதான் நர்ஸ் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். கரடிதான் பேசாதே.

புதன்கிழமை அடக்கம். தாயும் பிள்ளையும் ஒரே பெட்டியில். பாதிரியார் கரடிக்குப் புரிய வேண்டுமே என்று ஜெபத்தை நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொன்னார். அவன் வாயைத் திறக்கவில்லை.

“ஒரு வார்த்தை வரலியே பாரு. மிருகம்க்கா அது” என்றாள் லர்லீன்.

நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் கேட்ட சேதி மத்தியானம் வரை என் வயிற்றில் தங்கியதில்லை. இது மட்டும் தங்கிவிட்டது.

பெண்கள் ஒவ்வொருவராகப் போய் ஆறுதல் சொன்னோம். கரடி யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து, ஒவ்வொருத்தி பேசும்போதும் குரலை அடையாளம் தேடுகிறவன்போலக் காதைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தான்.

என் முறை வந்தது. கொண்டுபோயிருந்த ஆப்பிள் கேக்கை அவன் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஃபோனை ‘உடனே’ வைத்தேன் என்று சொன்னேன் அல்லவா. உடனே இல்லை.

“யாருப்பா பேசறது?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

“அவசரம்மா.”

“அது சரி, எந்த வீட்டுலேர்ந்து?”

மூச்சு மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருந்தது. நானும் விடவில்லை, அவன் சொல்லட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

“கடைசி வீடும்மா. என் பொண்டாட்டி. ரத்தம் நிக்கலம்மா.”

அப்போதாவது வைத்திருக்கலாம்.

“அடேயப்பா! அப்ப உனக்குப் பேச வருமா?” என்றேன்.

“வரும்மா. யார்கிட்ட வேணாலும் சொல்லிக்குங்க. ஊரையே கூப்பிட்டுச் சொல்லுங்க. லைனை மட்டும் விட்டுடுங்க.”

நேற்று மளிகைக்கடையில் கரடி எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

“என்ன வேணும் வெர்னா?” என்றார் ஹோபர்ட்.

நான் மாவு மூட்டையை விரலால் காட்டினேன்.