கீரிக்கு வைத்த நொய்

தோட்டத்துச் சேவலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீரி மறுபடியும் ஒரு குஞ்சைத் தூக்கிப் போயிருந்தது. பறிகொடுத்த செவலைப் பெட்டையே வந்து, "அவன்கிட்டப் பேசிப் பாருங்க, மிச்சமிருக்கிறதாவது பிழைக்கட்டும்" என்றது.

சேவல் கீரியை வேலியோரம் வரவழைத்தது. வந்தவனை எப்படி உபசரிப்பதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் மண்ணைக் கிளறி, அகப்பட்ட நொய்யை அலகால் எடுத்து அதன் முன்னால் வைத்து, பெட்டைகளை அழைப்பதுபோல "கொக் கொக்" என்றது. கீரி நொய்யைத் தொடவில்லை.

"வைக்கோல்போர் எலியெல்லாம் எனக்கு. நான் வரும்போது நீ கத்தி ஊரைக் கூட்டக் கூடாது. குஞ்சுகள் பக்கம் வரமாட்டேன்" என்றது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியது.

குஞ்சுகள் தளதளவென்று வளர்ந்தன. ஆனால் செவலை, சேவலோடு மேய வருவதை நிறுத்திவிட்டது.

"நீதானே பேசச் சொன்னே?" என்று கேட்டது சேவல்.

"பேசத்தான் சொன்னேன். நொய் வைக்கவா சொன்னேன்?"

அப்போது முருங்கை மரத்திலிருந்து அணில் இறங்கி வந்தது.

"அண்ணே, சிந்துற நொய்யில எனக்கும் கொஞ்சம் குடுங்கன்னு கோடையிலேருந்து கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் விரட்டினீங்க. தப்பா நினைக்காதீங்க, ஒரு சந்தேகம். கீரிக்கு வச்சமாதிரி என்னையும் கூப்பிட்டு வைக்கணும்னா, நான் எந்தக் குஞ்சைக் கடிக்கணும்?"

சேவல் அவசரமாகக் குனிந்து ஒரு நொய்யைக் கொத்தி எடுத்தது. இப்போது வைத்தால் அது எதற்காக வைத்ததாகும் என்று அதற்கே விளங்கவில்லை. நொய்யை அலகில் பிடித்தபடி அப்படியே நின்றது.