மாத்திரைக் காப்பி

காப்பி இனித்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். இன்னொரு வாய்.

சந்தேகமே இல்லை. கல்யாண வீட்டுக் காப்பி மாதிரி இனித்தது.

டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன பிறகு அவர் நாக்குக்கு நல்லது எதுவும் நடந்ததில்லை. அப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சர்க்கரைக்குப் பதில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு மாத்திரை. டப்பியின் தலையில் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒன்று விழும். காலையில் சமையலறைக்குள் அந்தச் சத்தம் கேட்டாலே கூடத்தில் இவருக்கு முகம் கோணிக்கொள்ளும்.

பூங்காவில் கூட நடப்பவர்களுக்கு அந்த மாத்திரையின் கதை மனப்பாடம். குடித்தால் நாக்கில் தகரக் கூரை வேய்ந்தது போல் இருக்குமாம். ஏப்பம் விட்டால் தண்டவாள வாசம் வருமாம். மிச்சத்தைச் செம்பருத்திக்கு ஊற்றினாராம், அது அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பூக்கிறதாம்.

இன்றைக்குத் தகரமும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

வாசலில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டு மனைவி காப்பியை மேடையில் ஆற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கண்ணாடி போடாமல் உள்ளே வந்தவர், கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்துவிட்டார்.

கட்டைவிரலால் விளிம்புக்குக் கீழே தடவிப் பார்த்தார். பெயர் வெட்டிய டம்ளர்கள். புள்ளி புள்ளியாக எழுத்துகள். அவருடையதில் இரண்டே எழுத்து.

இதில் விரல் போய்க்கொண்டே இருந்தது. ஈரோட்டில் ஏறி சேலத்தில் இறங்குகிற தூரம்.

அவளுடைய டம்ளர். கல்யாணச் சீராக வந்தது. மகள் பெயரில் ஓர் எழுத்துகூடக் குறையாமல் வெட்டச் சொல்லிப் பாத்திரக் கடையில் நின்றிருக்கிறார் மாமனார்.

மேடையில் இருந்த தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

டிகாக்‌ஷன். பால்.

வேறொன்றும் இல்லை.

இத்தனை நாளும் அவர் வைது தீர்த்த மாத்திரை அவர் வாய்க்குள் போனதே இல்லை.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

தங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது இருமல் மருந்து வாங்கி வந்தால், இவள் முதலில் ஒரு மூடி தான் குடிப்பாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் குழந்தைக்கு.

மாத்திரை வந்த புதிதில் செல்போனில் யாரோ ஒரு செய்தி அனுப்பினார்கள். சிறுநீரகம் போய்விடும், மறதி வந்துவிடும், முகம் வீங்கிவிடும். டாக்டரிடம் கேட்டதற்கு, அளவோடு போட்டால் பயப்பட வேண்டியதில்லை என்றார். இனிப்பு ஆசையே குறைந்தால் இன்னும் நல்லது என்றார். அவள் நன்றாகத் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள்.

“அந்த டாக்டர் தம்பி அதைப் போட்டுக் குடிக்கறாருங்களா?”

அப்புறம் ஒரு நாள், கண்ணாடி முன் நின்று, “மூஞ்சி வீங்குனாப்ல இருக்குதுங்களா, பாருங்க” என்றாள்.

இன்னொரு நாள், “எனக்கு மறதி கூடிப்போச்சுங்களா?”

“மறதியா அம்மிணி? கல்யாணத்தன்னிக்கு எங்க சித்தப்பா கேட்ட தண்ணிய நீ இன்னும் கொண்டாந்து குடுக்கல.”

அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

வாசலில் பேரம் முடிந்துவிட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

அவர் அவசரமாக அவளுடைய டம்ளரை எடுத்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். பெயர் தெரியாமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

அவள் கீரைக்கட்டோடு உள்ளே வந்தாள். மேடையைப் பார்த்தாள். இரண்டெழுத்து டம்ளர் அங்கே நின்றது.

அவர் கையைப் பார்த்தாள்.

அவர் முகத்தை வழக்கம்போல் கோணிக்கொண்டார்.

“தகரம் அம்மிணி. அப்படியே தகரம்.”

அவள் மேடையில் இருந்ததை எடுத்துக் குடித்தாள். அவள் முகம் நிஜமாகவே கோணியது. சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை.

முறத்தில் கீரையைப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு காம்பு கிள்ளுவாள், ஒரு முறை அவர் முகத்தைப் பார்ப்பாள். கன்னத்தைப் பார்ப்பாள். கால் பாதத்தைப் பார்ப்பாள்.

“ஏனுங்க.”

“ம்.”

“எம்பேரு என்னங்க? சொல்லுங்க பாப்போம்.”

கட்டிய நாளிலிருந்து அவர் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ரேஷன் கடையில் அவள் பெயரைக் கேட்டால்கூட அட்டையை நீட்டிவிடுவார்.

யோசிப்பவர் போல மேலே பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தடிக்கலாம் என்றுதான் நினைத்தார்.

அவள் விரலிடையில் கீரைக்காம்பு அப்படியே நின்றது.

அவருடைய கட்டைவிரல் டம்ளரில் மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு புள்ளியாக.

“மங்கையர்க்கரசி.”