பினாமி லைசென்ஸ்

"கல்நாரை உரிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லு மேரி."

பைக்கை விரட்டிக்கொண்டே கேட்டான் தைரியநாதன். ஆவூரில் ஆரம்பித்த பாடம், புதுக்கோட்டை நெருங்கியும் முடியவில்லை.

"தண்ணி தெளிச்சு நனைக்கணும். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பின்னாலிருந்த அவன் மனைவி வியாகுலமேரி.

மில்களில் பாய்லர் குழாய்களின் பழைய கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, உரித்துவிட்டுக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுவது அவன் தொழில். லைசென்ஸ் இல்லாத காண்ட்ராக்டருக்கு இனி கேட் திறக்காது என்று குளத்தூர் மில்லில் சொல்லிவிட்டார்கள். லைசென்ஸுக்கு நேர்முகம் உண்டு, நெஞ்சுப் பரிசோதனையும் உண்டு. போன வருடம் அவன் நேர்முகத்தில் தேறி, நெஞ்சில் தோற்றான். அத்தனை வருடத் தூசி.

பஞ்சாயத்துத் தலைவி மனைவி, நாற்காலியில் புருஷன். ஊரறிந்த அந்த வழியையே அவனும் பிடித்தான். லைசென்ஸ் மேரி பேரில், வேலை அவனுக்கு.

"திரும்பவும் அந்தத் தூசிக்குள்ளயா போகப் போறீங்க?"

"வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

நேர்முக அறைக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"கல்நாரையும் கண்ணாடிப் பஞ்சையும் எப்படிம்மா பிரிச்சுக் கண்டுபிடிப்பீங்க?" என்றார் அதிகாரி.

தைரியநாதன் கதவோடு ஒட்டிக்கொண்டான். இதை அவன் சொல்லித் தரவில்லை.

"கண்ணாடிப் பஞ்சு அரிக்கும் சார். கல்நாரு அரிக்காது, சட்டையை ஒதறுனா மாவு மாதிரிப் பறக்கும்."

அதிகாரி சிரித்தபடி பாஸ் போட்டார்.

"கண்டம் தாண்டியாச்சு மேரி. இனி மூச்சு விட்டுக் காட்டணும், அவ்வளவுதான். அதுவுமா ஒனக்குச் சொல்லித் தரணும்?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தைரியநாதனும் எட்டிப் பார்த்தான். அதே வெள்ளைக் கீற்றுகள்.

"மாத்தி மாட்டிட்டீங்க டாக்டர். இது போன வருஷம் எடுத்த என் படம்."

"இல்லைங்க. இது இப்ப எடுத்தது. உங்க மனைவியோடது."

"அவ சைட் வாசலைக்கூட மிதிச்சதில்லையே டாக்டர்."

டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"வீட்ல உங்க சட்டையைத் தொவைக்கிறது யாரு?"