ஃபேனை மாற்ற வேண்டாம்

"புதுசே எடுத்துக்கலாமே மேடம்" என்றார் கடைக்காரர்.

"பழசு போதும். அந்த ஓரத்துல இருக்கே, அந்த லேப்டாப் எப்படி?" என்றாள் வந்தவள்.

"அது இன்னும் சரி பண்ணி முடிக்கலைங்க. அரை மணி நேரம் ஓடினா சூடாகி, தானா அணைஞ்சிடும்."

"நிச்சயமா அணைஞ்சிடுமா?"

"அணைஞ்சிடும். கொஞ்சம் இருங்க, ஃபேனை மாத்தித் தர்றேன். அதுக்குக் காசு வேண்டாம்."

"மாத்தாதீங்க. அப்படியே கொடுங்க."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்த கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேரம் பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறார். சும்மா கொடுப்பதை வேண்டாம் என்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"பிள்ளைங்க படிக்கவா? பாதிப் பாடத்துல நின்னு போகுமே."

"இல்ல, ஆபீசுக்கு."

"அப்போ வேலை கெட்டுப் போகுமேங்க. நாளைக்கு என் கடை பேருதான் நாறும்."

"ஒண்ணும் கெடாது. இது எங்க மேனேஜருக்கு. செலவைக் குறைக்கணும், பழசே வாங்குன்னு அவர்தான் சொன்னார்."

"அவர் இதுல என்ன வேலை பார்ப்பார்?"

"வீடியோவுல மீட்டிங் போடுவார். காலையில பேச ஆரம்பிச்சார்னா, எங்க எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நானும் ஆபீஸ் வேலையை விட்டுட்டுத்தாங்க இந்தக் கடையை வச்சேன்" என்றபடி உள்ளே போனவர், வேறொரு லேப்டாப்போடு திரும்பி வந்தார்.

"இதை எடுத்துட்டுப் போங்க. இதுல மைக்கும் வேலை செய்யாது."